கைக்கு வாகான துப்பாக்கி

2018 அக்டோபர் 13, சனிக்கிழமை காலை, மிசூரி மாநிலம் ஆர்டன் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தின் சுடுதளத்தில், நீதிமன்றக் காவலர் பணிக்கான துப்பாக்கித் தேர்வில் நேடீன் கெஸிங்கர், வயது ஐம்பத்திரண்டு, இருநூற்றைம்பதுக்கு நூற்றுப் பதினெட்டு எடுத்துத் தோற்றாள். தேறுவதற்கு நூற்று எழுபத்தைந்து வேண்டும்.

தோற்றவர்களுக்கு மூன்று வாரம் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தோற்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நேடீன் பள்ளிக்கூடச் சமையலறையில் பல வருஷம் வேலை பார்த்தவள். எங்கள் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்ததும் சமையலறையைப் பூட்டிவிட்டார்கள். கோர்ட் வாசலில் நின்று பைகளைச் சோதிப்பதும், விவாகரத்துக்கு வந்த ஜோடிகள் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் அவளுக்கு ஒரு பொருட்டல்ல. பசியோடு வரும் நானூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவள். அந்த வேலையோடு குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு வருகிறது. அவள் கணவன் வெண்டல் மர அறுவை ஆலையில் முதுகை ஒடித்துக்கொண்டு இரண்டு வருஷமாகச் சாய்வு நாற்காலியில் கிடந்தான். தண்டுவடத்தில் ஊசி போட்டால் நடமாடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காப்பீடு இல்லாமல் அந்த ஊசியைப் பற்றிப் பேச்சே கிடையாது. எழுத்துத் தேர்வு, ஓட்டம், நேர்முகம் எல்லாம் முடிந்துவிட்டன. பாக்கி இருந்தது துப்பாக்கி. கவுண்டி துப்பாக்கி தருவதில்லை, அவரவர் கொண்டுவர வேண்டும்.

நேடீன் அதுவரை சுட்டதே இல்லை. எங்கள் பக்கத்தில் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். வீட்டில் மான் வேட்டைத் துப்பாக்கிகள் உண்டு, அவை வெண்டலுடையவை. மானை அறுத்துக் கறியாக்குவதுதான் அவளுடையது.

வாங்குவதென்றால் ராய்ஸிடம்தான் வாங்க வேண்டும். ராய்ஸ் வெண்டலின் அண்ணன். நெடுஞ்சாலை ஓரத்தில் துப்பாக்கியும் தூண்டிலும் விற்கும் கடை வைத்திருந்தான். முன்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள், பின்புறம் தொட்டியில் மீன்குஞ்சுகள், குளிர்பெட்டியில் மண்புழுக்கள். காபிப் பாத்திரத்தைச் சுற்றி எந்நேரமும் மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எதுவும் வாங்குவதில்லை. மற்றவர்கள் வாங்குவதைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்காக வருகிறார்கள். முப்பது வருஷமாக ராய்ஸ் துப்பாக்கி விற்கிறான். அவன் சுடுவானா என்று யாரும் கேட்டதில்லை. கறிக்கடைக்காரனிடம் நீ கறி தின்பாயா என்று யார் கேட்கிறார்கள்?

செப்டம்பரில் நேடீனும் வெண்டலும் கடைக்குப் போனபோது, அவள் வாய் திறப்பதற்கு முன்பே ராய்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டான்.

"எனக்குத் தெரியும், கண்ணு. உனக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்."

குட்டி ரிவால்வர். அலுமினிய உடம்பு, கட்டைவிரல் நீளத்துக்குக் குழல், ஐந்து தோட்டா. ராய்ஸ் அதைத் தன் உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துக் காட்டினான்.

"பாத்தியா, எவ்வளவு லேசு! கைப்பையில போட்டா இருக்கிறதே தெரியாது. பொம்பளைங்களுக்கு இதுதான். ஜாம் ஆகாது, இழுக்கிற வேலை இல்ல, குழப்பம் இல்ல."

"நான் கைப்பையில போடப் போறதில்ல, ராய்ஸ். இடுப்புல உறை மாட்டிக்கிட்டு நிக்கப் போறேன்."

"எங்க வேணா மாட்டு. கை சின்னது, துப்பாக்கியும் சின்னது. அவ்வளவுதான் கணக்கு."

"அந்தப் பெருசு?" பெட்டியின் மூலையில் இருந்த பிஸ்டலைக் காட்டினாள். சுடுவதற்கு முன் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட வேண்டிய வகை.

காபிக்காரர்களில் ஒருவன் சிரித்தான். "அதோட ஸ்லைடை இழுக்கிறதுக்கு ஒரு ஆம்பளையக் கூட்டிக்கிட்டு அலையணும்."

"வெண்டல் இருக்கானே," என்றான் இன்னொருவன்.

"அவனையே தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தான்.

எங்கள் ஊர்க் கடைகளில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை இருக்கிறது. கையில் வாங்கி, எடை பார்த்து, சுவரில் மாட்டியிருக்கும் மான் தலையின் மூக்கைக் குறிவைத்து, "நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டும். அத்துடன் முடிந்தது. செருப்பு வாங்குகிறவன்கூட நாலடி நடந்து பார்ப்பான். நேடீன் மானின் மூக்கைக் குறிபார்த்தாள். உண்மையில் லேசாகத்தான் இருந்தது. நல்லா இருக்கு என்றாள்.

லேசான துப்பாக்கி சுடும்போது என்ன செய்யும் என்பது காகிதத்தில் போட்டுப் பார்க்கத் தேவையில்லாத விஷயம். தோட்டாவின் உதை அதே உதைதான். தாங்கிக்கொள்ளத் துப்பாக்கியின் உடம்பில் இரும்பு இல்லையென்றால் முழுவதும் கைக்கு வந்து சேரும். பிடி குட்டையானதால் நேடீனின் சுண்டுவிரல் காற்றில் தொங்கியது. தேர்வு நாளில் முதல் பத்துக் குண்டுகளுக்குள் கட்டைவிரல் அடியில் தோல் கிழிந்தது. ஐந்து ஐந்தாக நிரப்பி ஐம்பது சுட வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பாதி வழியிலேயே அவள் உடம்பு சத்தத்துக்கு முன்பே குலுங்கத் தொடங்கியது. பதினைந்து கெஜத்தில் இருந்த காகித மனிதனுக்குப் பெரும்பாலும் காயமில்லை.

ராய்ஸ் மடக்கு நாற்காலி கொண்டுவந்து கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். காபிக்காரர்களும் வந்திருந்தார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு வேறு வேலை இல்லை. மற்ற நாட்களிலும் இல்லை.

தேர்வு நடத்தியவன் டெபுடி ஹோலிஸ் பார்ட்லி. யார் தேறினாலும் தோற்றாலும் முகத்தில் ஒன்றும் காட்டாதவன். மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு, "மேடம், அஞ்சு நிமிஷம் இருக்கா?" என்றான். அவளுடைய ரிவால்வரை வாங்கித் திரும்பி நின்று, உருளையில் எதையோ நிரப்பி, அவள் கையில் கொடுத்தான். "சுடுங்க."

இரண்டு முறை வெடித்தது. மூன்றாம் முறை விசையை இழுத்தபோது சத்தம் வரவில்லை. ஆனால் குழல் முனை மட்டும் வெடுக்கென்று கீழே குனிந்தது. ஹோலிஸ் உருளையில் மருந்தில்லாத வெற்றுத் தோட்டாக்களைக் கலந்து வைத்திருந்தான்.

"துப்பாக்கி உதைக்கவே இல்ல, நீங்க முந்திக்கிட்டீங்க," என்றான். "வலிக்கும்னு கைக்குத் தெரிஞ்சு போச்சு."

வேலிக்கு அப்பாலிருந்து ராய்ஸ் உரக்கச் சொன்னான்: "பயம்! நான் அப்பவே வெண்டல்கிட்ட சொன்னேன். துப்பாக்கியில கோளாறு இல்ல. பொம்பளைங்க மனசுல பயம்."

நேடீன் காதடைப்பானைக் கழற்றினாள். கையில் ரத்தம் கசிந்த இடத்தை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு வேலி அருகே வந்தாள்.

"ராய்ஸ், நீ வந்து சுடேன்."

"நானா? எனக்கெதுக்கு? எனக்கா வேலை வேணும்?"

"எப்படிப் பிடிக்கணும்னு பாத்துக்கறேன். முப்பது வருஷ அனுபவம்."

"தோள்பட்டை வலி, நேடீன். போன வாரம் படகு இறக்கும்போது..."

"கைத்துப்பாக்கி, ராய்ஸ். தோள்ல வைக்கிறதில்ல."

காபிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் கடன் வாங்கித் திருப்பாமல் இருக்கலாம், தேவாலயத்தில் குறட்டை விடலாம். நாலு பேர் முன்னால் துப்பாக்கியை நீட்டினால் வேண்டாமென்று சொல்ல முடியாது. ராய்ஸ் எழுந்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். ஹோலிஸ் மறுபடி திரும்பி நின்று உருளையை நிரப்பித் தந்தான்.

முதல் குண்டு காகித மனிதனின் இடுப்புக்குக் கீழே எங்கோ போனது. இரண்டாவது வெற்றுத் தோட்டா. ராய்ஸின் கை குனிந்த வேகத்தில் குழல் அவன் காலடிப் புல்லையே பார்த்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. ஒரு கணம் அப்படியே நின்றான், குண்டு வெடித்துவிட்டதாக நினைத்திருப்பான் போல.

காபிக்காரர்கள் தங்கள் கோப்பைகளை ஆராய்ந்தார்கள். ஒருவன் மட்டும், "புல்லுல பாம்பு கீம்பு பாத்தியா, ராய்ஸ்?" என்று கேட்டான்.

"விசை இறுகியிருக்கு," என்றான் ராய்ஸ். "புதுசு. இன்னும் பழகல."

"பழகற வரைக்கும் எத்தனை பொம்பளைங்க கையைக் கிழிக்கணும்?" என்றாள் நேடீன்.

"நேடீன், நாலு பேர் முன்னால அப்படிப் பேசாத."

"நாலு பேர் முன்னாலதான என்னைப் பயந்தாங்கொள்ளின்ன?"

அன்று இரவுச் சாப்பாட்டில் வெண்டல் பீன்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தான். ராய்ஸ் அதற்குள் போன் செய்துவிட்டான்.

"அவன் பாவம், நல்லதுதான நெனைச்சான்," என்றான் வெண்டல். "ரப்பர் பிடி ஒண்ணு தர்றானாம். மாட்டினா வலிக்காதாம். இளஞ்சிவப்பு நிறத்துலகூட இருக்காம்."

"என்ன நிறம்?"

"அவன் சொன்னான், நான் சொல்றேன்."

"உன் முதுகுக்கு ஊசி வேணுமா, உன் அண்ணனுக்கு மரியாதை வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டையும் ஏன் போட்டுக் கலக்கற?"

"நான் கலக்கல. அந்தத் துப்பாக்கியோட நான் மறுபடி போனா ரெண்டாவது தடவையும் தோப்பேன். தோத்தா ஊசி கிடையாது. இது உனக்குப் புரியலைன்னா உனக்கு முதுகுல மட்டும் இல்ல கோளாறு."

வெண்டல் தட்டைத் தள்ளி வைத்தான். பீன்ஸ் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை அவள் ரிவால்வரைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். திரும்ப எடுத்துக்கொள்ள ராய்ஸுக்கு மனமில்லை. ஆனால் புல்லுக் கதை ஊர் முழுக்கப் போயிருந்தது, வாக்குவாதம் செய்ய அவனுக்கு அப்போது தெம்பில்லை. அவன் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜோடி உள்ளே வந்தது. மனைவிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். முதல் துப்பாக்கியாம். ராய்ஸின் முகத்தில் பழைய வெளிச்சம் திரும்பியது.

"சரியான நேரத்துக்கு வந்தீங்க. கண்ணு, கையை நீட்டு. பாரு, எவ்வளவு லேசு!"

நேடீன் அங்கேயே நின்றிருந்தாள். கையில் இன்னும் கட்டு இருந்தது.

"வாங்கறதுக்கு முன்னால எங்கயாவது சுட்டுப் பாரும்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம். "என் கையைப் பாரு. இது பண்ணின வேலைதான்."

அந்தப் பெண் கட்டைப் பார்த்தாள், ரிவால்வரைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள். கணவன் அதற்குள் அதை வாங்கி மான் தலையின் மூக்கைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கு," என்றான் அவன்.

"இளஞ்சிவப்புப் பிடி இலவசம்," என்றான் ராய்ஸ்.

"ஐயோ, அழகா இருக்கு!" என்றாள் அந்தப் பெண்.

நேடீன் வெளியே வந்து வண்டியை எடுத்தாள்.

ஞாயிறு மதியம் வேட்டைச் சங்கத்தின் சுடுதளத்துக்குப் போனாள். அங்கே ஒரு பழக்கம் உண்டு. உன் துப்பாக்கியை ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டால் மாட்டேன் என்பவர் கிடையாது. மனைவியை, வண்டியை, நாயை இரவல் தராத மனிதர்கள்கூடத் துப்பாக்கியை நீட்டிவிடுவார்கள், தோட்டாவோடு. அது தாராள மனம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் தான் வாங்கியதே சிறந்தது என்று இன்னொரு வாய் சொல்லிக் கேட்க வேண்டும், அதற்குத்தான்.

நேடீன் வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போனாள். ஒருவன் வெள்ளிபோல் மின்னும் பெரிய ரிவால்வரைக் கொடுத்து, "கரடி வந்தாலும் விழும்" என்றான். எங்கள் கவுண்டியில் கரடியைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அது அவள் முழங்கையைத் தாண்டித் தோள்வரை உலுக்கியது. இன்னொருவன் கொடுத்த பிஸ்டலின் பிடி பருமனாக இருந்தது. விசையைத் தொட அவள் விரல் நுனியால் எக்க வேண்டியிருந்தது. மூன்றாவது ஆள், குண்டு பெரிதாக இல்லையென்றால் சுடுவதே வீண் என்று கால் மணி நேரம் விளக்கினான். நான்காவது ஆள், குண்டு சிறிதாக இருந்தால்தான் குறி வரும் என்று அதே கால் மணி நேரம் விளக்கினான். இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் சுடுகிறவர்கள். இருவருடைய காகிதங்களிலும் ஓட்டைகள் ஒரே மாதிரி சிதறிக் கிடந்தன.

கடைசி மேஜையில் உரக்கடை ஆர்லீன் வாட்ஸ் இருந்தாள். அவளிடம் இருந்தது கருப்பான, முழு அளவுப் பிஸ்டல். ஒன்பது மில்லிமீட்டர். இரும்பு உடம்பு. பார்வைக்குச் செங்கல் போல இருந்தது.

"பேரனுக்கு வாங்கினது," என்றாள் ஆர்லீன். "கையில வெச்சுப் போட்டோ எடுத்தா நல்லா இல்லன்னு விட்டுட்டுப் போயிட்டான். அவனுக்குச் சுடறது முக்கியமில்ல, போட்டோதான் முக்கியம்."

"ஸ்லைடை என்னால இழுக்க முடியாதுங்கறாங்க."

"யாரு? ராய்ஸா? அவனால கண்ணைத் திறந்து வெச்சுக்கவே முடியலையாமே."

நேடீன் எடுத்துப் பார்த்தாள். விரல்கள் மூன்றும் பிடியில் அடங்கின. விசை ஆள்காட்டி விரலின் சதைப்பகுதிக்கு நேராக வந்து உட்கார்ந்தது. ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. கையை நீட்டி வைத்துக்கொண்டு விரல் நுனியால் இழுத்தால் யாருக்கும் அசையாது. துப்பாக்கியை மார்போடு சேர்த்துக்கொண்டு, ஸ்லைடை இடது கை முழுவதாலும் கவ்வி, வலது கையால் பிடியை முன்னே தள்ளினாள். திறந்துகொண்டது. பிசைந்த மாவுப் பாத்திரங்களை இத்தனை வருஷம் நகர்த்திய தோள்கள் அவை. இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தாள். பிறகு சுட்டாள்.

உதை இருந்தது. ஆனால் தள்ளியது, குத்தவில்லை. குறி மேலே போய்த் தானாகக் கீழே வந்து நின்றது. பிடிக்குள் செருகும் மேகஸினில் தோட்டா தீர்ந்த பிறகும் கை அடுத்ததைக் கேட்டது.

"இதை எனக்குத் தர்றியா, ஆர்லீன்?"

"எடுத்துக்கிட்டுப் போ. இங்க பொட்டியில தூங்கறதுக்கு அங்க உன் இடுப்புல நிக்கட்டும்."

துப்பாக்கி கிடைத்துவிட்டது. ஆனால் குட்டி ரிவால்வர் கற்றுக்கொடுத்த குலுக்கல் கையை விட்டுப் போகவில்லை. அதைப் போக்க வெற்றுத் தோட்டாக்களைக் கலந்து சுட வேண்டும், எது வெற்று என்று சுடுகிறவளுக்குத் தெரியக் கூடாது. அதனால் நிரப்பித் தர இன்னொரு ஆள் வேண்டும். வீட்டில் இருந்த இன்னொரு ஆள் வெண்டல்.

"என்னால நிக்க முடியாது," என்றான்.

"உக்காந்துக்கிட்டே நிரப்பு. விரலுக்கு ஒண்ணும் இல்லியே?"

வாரத்தில் மூன்று மாலை அவனை வண்டியில் ஏற்றிச் சங்கத்துக்குக் கூட்டிப்போனாள். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அவன் மேகஸினை நிரப்பினான். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தான். இரண்டாம் நாள், "குனிஞ்சுட்ட" என்றான். அதற்கப்புறம் அவளை ஏமாற்றுவதில் அவன் ருசி கண்டுவிட்டான். வெற்றை முதலில் வைப்பான், கடைசியில் வைப்பான், ஒரு தடவை முழுக்க வெற்றையே வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பிசாசே," என்றாள் நேடீன். ஆனால் அந்த மேகஸின் முழுக்கக் குழல் முனை அசையவில்லை.

"உன் அண்ணன் இப்படி ஒரு தடவை பண்ணிப் பாத்திருந்தா..."

"அவன் பேச்சை எடுக்காத," என்றான் வெண்டல். அடுத்த மேகஸினை நிரப்பிக்கொண்டே அவனே எடுத்தான். "எங்கப்பா மான் சுடப் போறப்ப அவனைக் கூட்டிக்கிட்டுப் போறதை நிறுத்திட்டார். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டார். எனக்கு இப்பதான் புரியுது."

நவம்பர் 3, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுதேர்வு நடந்தது. லேசான மழை. வெண்டல் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ராய்ஸ் வரவில்லை. மான் வேட்டைக் காலம் தொடங்க ஒரு வாரமே இருந்தது, கடையில் கூட்டம். காபிக்காரர்கள் இருவர் வந்து, மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஹோலிஸ் பிஸ்டலை வாங்கிச் சோதித்துத் திருப்பிக் கொடுத்தான். "இது யார் சொல்லி வாங்கினீங்க?"

"யாரும் சொல்லல. சுட்டுப் பாத்தேன்."

"ஓ," என்றான் ஹோலிஸ். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஏழு கெஜத்தில் இரண்டு குண்டுகள் வெளியே போயின. பதினைந்து கெஜத்தில் ஒரு முறை மேகஸின் மாற்றும்போது ஈரத்தில் விரல் வழுக்கி நேரம் போனது. அந்தச் சுற்றில் இரண்டு குண்டுகள் மிச்சமிருக்கும்போதே விசில் ஊதிவிட்டார்கள். மற்றவை காகிதத்தில் இருந்தன. ஹோலிஸ் ஓட்டைகளை எண்ணி, ஒரு முறை மறுபடி எண்ணி, எழுதி, பேனாவை நீட்டினான்.

இருநூற்றொன்று. நேடீன் கையெழுத்துப் போட்டாள். அடுத்த திங்கட்கிழமை கோர்ட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். காப்பீடு டிசம்பர் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது. வெண்டலுக்கு டிசம்பர் 11 அன்று முதல் ஊசி போட்டார்கள்.